தண்ணி மேசையும் ஃபேன்டஸி லீக்கும்

2019 டிசம்பர் நடுவில், இங்கிலாந்துக் கால்பந்தான பிரீமியர் லீகின் அதிகாரபூர்வ ஃபேன்டஸி ஆட்டத்தில் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை டீம் அமைத்து ஆடுவது) எழுபது லட்சம் பேருக்கு மேல் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டியலின் உச்சியில் இருந்தவர் நார்வேக்காரர் மாக்னஸ் கார்ல்சன். அப்போது சதுரங்கத்தின் உலக சாம்பியனும் அவர்தான். முதலிடம் நிலைக்கவில்லை, ஆனால் சீசன் முடிந்தபோதும் முதல் பத்துக்குள் இருந்தார்.

இதைப் பலரும் ஒரு வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது ஒரு கேள்வியாகவே நின்றது. சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. ஃபேன்டஸி ஆட்டத்திலோ, தொண்ணூறாவது நிமிடத்தில் ஒரு கோல்கீப்பரின் கை வழுக்கினால் உங்கள் வாரமே போச்சு. இரண்டிலும் ஒரே ஆள் மேலே வருகிறார் என்றால், இரண்டும் ஒரே குடும்பத்து ஆட்டங்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தக் கேள்வி வெறும் வாய்ப்பேச்சு அல்ல. இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரெபேங்க் வீடுகளில் சனிக்கிழமை மதியம் சீட்டு பிடிக்கிற கைதான் போனையும் பிடிக்கிறது. பிரீமியர் லீக் ஃபேன்டஸியில் அந்த வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது டீம் பூட்டப்படும். இங்கிலாந்தில் குளிர்காலம், இங்கே கோடை என்றிருக்கும் மாதங்களில் அது பெரும்பாலும் டர்பன் நேரப்படி மதியம் ஒரு மணி. அந்த நேரத்தில் சீட்டு மேசையில் ஒரு விநோத இடைவேளை விழும். நான்கு பேரும் கையிலிருக்கும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேப்டனை மாற்றலாமா வேண்டாமா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு மறுபடி சீட்டு.

என் கட்சி இது: ஃபேன்டஸி ஆட்டம் மேசையில்தான் பிறந்தது, அதன் எலும்புக்கூடு இன்றும் மேசை ஆட்டத்தினுடையதுதான். ஆனால் இன்று பெரும்பாலானோர் போனில் ஆடுகிற வடிவத்தில், மேசை ஆட்டத்தின் உயிர்நாடி ஒன்று கழற்றப்பட்டுவிட்டது. அது எது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: பிரீமியர் லீக் ஃபேன்டஸியில் உங்களுக்கு 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம். அதில் 15 வீரர்களை வாங்க வேண்டும்: 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு. ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. அந்த வாரம் அவர்கள் நிஜ மைதானத்தில் செய்வதெல்லாம் உங்களுக்குப் பாயின்ட். ஃபார்வர்டு கோல் போட்டால் 4, மிட்ஃபீல்டர் போட்டால் 5, டிஃபெண்டர் போட்டால் 6. மஞ்சள் அட்டை வாங்கினால் ஒன்று குறையும். கேப்டன் எடுப்பது இரட்டிப்பாகும். கிரிக்கெட்டிலும் இதே அச்சுதான். பதினொரு பேர், கேப்டனுக்கு இரு மடங்கு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு.

மூன்று பகடையும் ஓர் அட்டையும்

பள்ளிக்கூடத்தில் புக் கிரிக்கெட் ஆடாத தமிழர் குறைவு. புத்தகத்தைக் கண்ணை மூடித் திறப்பது, பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன், பூஜ்யம் வந்தால் அவுட். அதில் ஒரு குறை எல்லோருக்கும் தெரியும். டெண்டுல்கர் ஆடினாலும் பதினொன்றாவதாக இறங்கும் பந்துவீச்சாளர் ஆடினாலும் வாய்ப்பு ஒன்றுதான். புத்தகத்துக்கு ஆளைத் தெரியாது.

இந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்காவில் பேஸ்பாலை வைத்துப் பல பத்தாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1951-ல் ஆப்பா என்ற ஆட்டம் வந்தது, 1961-ல் ஹால் ரிச்மன் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கைக் கொண்டுவந்தார். இரண்டிலும் ஒவ்வொரு நிஜ வீரருக்கும் ஓர் அட்டை உண்டு. ரிச்மனின் அட்டையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகான வேலை அது.

மட்டையாளரின் அட்டையில் 1, 2, 3 என்று மூன்று பத்திகள். பந்து வீசுபவரின் அட்டையில் 4, 5, 6. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். ஒரு பகடை எந்தப் பத்தி என்று சொல்லும். அதில் 1 முதல் 3 வரை விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார், 4 முதல் 6 என்றால் வீசுபவரின் அட்டையைப் பார். மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். 2 முதல் 12 வரை பதினொரு வரிகள். இரண்டு பகடையில் 7 விழ 36-ல் 6 வாய்ப்பு, 2 விழ ஒரே ஒரு வாய்ப்பு. ஆக, பெரிய அடிக்காரருக்கு ‘ஹோம் ரன்’ (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) என்ற சொல்லை 7-ஆம் வரியிலும், சோப்ளாங்கிக்கு 2-ஆம் வரியிலும் அச்சடித்தால் போதும். ஒரு மனிதனின் ஒரு வருட உழைப்பு, ஓர் அட்டையில் எந்தச் சொல் எந்த வரியில் இருக்கிறது என்பதாக மாறிவிடுகிறது. மட்டையாளர், வீசுபவர் இருவருக்கும் சம பங்கு. இதைச் செய்ய கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

ஆனால் அந்த அட்டை போன வருடத்துக் கணக்கு. மேசையில் நீங்கள் எத்தனை முறை உருட்டினாலும் பழைய சீசனைத்தான் விதவிதமாகக் குலுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்து வந்தவர்கள் செய்தது ஒரே ஒரு மாற்றம்தான். பகடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த வருடம் நடக்கும் நிஜ ஆட்டத்தையே பகடையாக வைத்தார்கள்.

1960-ல் ஹார்வர்டில் வில்லியம் கேம்சன் என்ற சமூகவியலாளர் நண்பர்களோடு பேஸ்பால் வீரர்களை ‘வாங்கி’, சீசன் முடிவில் அவர்களின் எண்களைக் கூட்டிப் பார்க்கும் ஆட்டத்தைத் தொடங்கினார். ‘பேஸ்பால் செமினார்’ என்று அதற்கு ஒரு கனமான பெயர். (இவரே பிற்பாடு ஒரு சமூகத்தையே ஆட்டமாக நடத்திக் காட்டும் ‘சிம்சாக்’ என்ற வகுப்பறை ஆட்டத்தையும் செய்தவர். ஆட்டக் கிறுக்கு லேசில் போகாது.) 1962-ல் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் அமெரிக்கக் கால்பந்துக்கு இதே மாதிரி ஒரு லீகை உருவாக்கினார். 1980-ல் டேனியல் ஓக்ரெண்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கியதுதான் பரவலாகப் பிடித்துக்கொண்டது. அவர்கள் கூடிப் பேசிய ‘லா ரோடிஸ்ரி ஃப்ரான்சேஸ்’ என்ற உணவகத்தின் பெயரே அந்த ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டு ‘ரோடிஸ்ரி’ ஆனது. கேம்சனின் ஆட்டத்தை ஓக்ரெண்ட் தெரிந்துகொண்டது, அதில் பங்கேற்ற ஒரு பேராசிரியர் வழியாக.

அந்த ரோடிஸ்ரி ஆட்டத்தின் நடுக்கூறு ஏலம். எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு வீரர் பெயராகக் கூவி, விலை ஏற்றி, யார் கடைசியாகக் கேட்டாரோ அவருக்கு அந்த வீரர். ஆளுக்கு 260 டாலர், 23 வீரர்கள் என்பது பின்னால் நிலைத்துப்போன கணக்கு. ஒருவர் வாங்கிய வீரர் அந்த லீகில் வேறு யாருக்கும் கிடையாது. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிர்ஷ்டம் எப்போது வருகிறது

ஆட்டங்களை அதிர்ஷ்டம் அதிகம், திறமை அதிகம் என்று பிரிப்பது பழக்கம். அதைவிட உதவுகிற ஒரு பிரிவினை உண்டு. நீங்கள் முடிவெடுப்பதற்கு முன்னால் அதிர்ஷ்டம் வருகிறதா, பின்னால் வருகிறதா?

தாயம் உருட்டுகிறீர்கள். விழுந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எந்தக் காயை நகர்த்துவது என்று யோசிக்கிறீர்கள். அதிர்ஷ்டம் முன்னால், புத்தி பின்னால். பல்லாங்குழி, ஆடுபுலி, சதுரங்கம் ஆகியவற்றில் அதிர்ஷ்டமே இல்லை. தென்னாப்பிரிக்காவின் சொந்த ஆட்டமான மொரபராபாவும் இந்த வகைதான். ஆளுக்குப் பன்னிரண்டு காய், காய்க்குப் ‘பசு’ என்று பெயர், மூன்று பசுக்களை வரிசையில் நிறுத்தினால் எதிராளியின் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு போகலாம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் பலகையில் கிடக்கும்.

சீட்டு தாயத்தின் பக்கம்தான் சேரும், ஆனால் சிக்கல் கூட. இங்கே டர்பன் ஆட்களின் சீட்டாட்டம் ‘தண்ணி’. பெயரைக் கேட்டுத் தமிழ்நாட்டு ஆள்கள் வேறெதையும் கற்பனை செய்ய வேண்டாம், இது சுத்தமான சீட்டு. 1860-லிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வம்சத்தில் வளர்ந்த ஆட்டம். வீட்டில் தமிழ் பேசுவது நின்றுபோன குடும்பங்களில்கூட இந்த ஆட்டம் நிற்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முந்நூற்றுநாலு ஆடியவர்களுக்குத் தண்ணி ஐந்து நிமிடத்தில் பிடிபடும். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு இனத்துக்கும் கூட்டினால் அதே 304. ஏழு, எட்டெல்லாம் கிடையாது, மொத்தம் 24 சீட்டுதான். நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு போடுவார்கள். அந்த நான்கை மட்டும் பார்த்துத்தான் துருப்பு வைக்கும் உரிமைக்கு விலை கேட்க வேண்டும். நீங்கள் கேட்கும் தொகை எதிரணியின் கணக்கில் போய்ச் சேரும். அவர்கள் 105-ஐத் தொட்டால் நீங்கள் தோற்றீர்கள். ஆசைப்பட்டு ஏற்றிக் கேட்டால் அவர்களுக்கு நீங்களே ஏணி வைத்துக் கொடுத்த கதை. விலை படிந்த பிறகுதான் மிச்சம் இரண்டு சீட்டு வரும்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். பாதி தெரிந்து, பாதி தெரியாமல் பணயம் வைக்கிறீர்கள். நான்கு சீட்டு வரும்போது அதிர்ஷ்டம் முன்னால் வந்தது. இரண்டு சீட்டு வரும்போது அது பின்னாலும் வருகிறது. ஆறு சீட்டும் வந்த பிறகு, துணிந்தவர் ‘தண்ணி’ என்று அறிவிக்கலாம். ஆறு பிடியையும் நான் ஒருவனே எடுப்பேன், முதலில் நான் இறக்கும் சீட்டின் இனமே துருப்பு என்று அர்த்தம். எடுத்துவிட்டால் நான்கு பால் (‘பால்’ என்பது வெற்றிப் புள்ளி, பன்னிரண்டு சேர்த்தவர் ஜெயித்தார்). தவறினால் அந்த நான்கும் எதிராளிக்கு. சொந்தக் கூட்டாளியே தெரியாமல் ஒரு பிடியை எடுத்துவிட்டால் இன்னும் மோசம், எட்டு போகும். அதற்கப்புறம் அந்தக் கூட்டாளியோடு ஒரே காரில் வீடு திரும்புவது தனிக் கலை.

புள்ளி எழுதப் பேப்பர்கூட வேண்டாம். ஆட்டத்தில் சேராத ஆறாம் எண் சீட்டுகளில் இரண்டை அணிக்கு அணி எடுத்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்தி, வெளியே தெரியும் புள்ளிகளின் எண்ணிக்கையால் கணக்கு காட்டுவார்கள்.

ஃபேன்டஸி லீகை இதன் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை உடனே தெரியும். கேப்டன் பட்டையை யாருக்குக் கொடுப்பது என்பதும், சீசனில் எண்ணி வைத்த சில தடவை மட்டும் பயன்படுத்தக்கூடிய ‘ட்ரிபிள் கேப்டன்’ சலுகையை எந்த வாரம் இறக்குவது என்பதும் ‘தண்ணி’ அறிவிப்பதன் தம்பிகள். வேற்றுமை என்னவென்றால், ஃபேன்டஸியில் அதிர்ஷ்டம் ஏறக்குறைய முழுவதும் பின்னால்தான் வருகிறது. டீம் பூட்டிய பிறகு உங்கள் கையில் ஒன்றுமில்லை. சீட்டில் தோற்றவன் ‘கை சரியில்லை’ என்பான். ஃபேன்டஸியில் தோற்றவன் ‘செலக்‌ஷன் கரெக்ட்தான், ரிசல்ட்தான் தப்பு’ என்பான். இரண்டாவது புலம்பல்தான் நீளம் அதிகம், கேட்பவர்களுக்குத் தெரியும்.

பின்னால் வரும் அதிர்ஷ்டத்தைக் குறைக்க ஒரே வழி முன்னால் தகவல் சேர்ப்பது. யாருக்குக் காயம், யாருக்கு ஓய்வு, எந்தப் பிச். டர்பனின் கிங்ஸ்மீட் மைதானம் கடலுக்குப் பக்கம். கடல் ஏற்றத்தின்போது பந்து கூடுதலாக அசையும் என்பது இங்கே தலைமுறைகளாகச் சொல்லப்படும் நம்பிக்கை. இது எவ்வளவு தூரம் நிஜம் என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும், எஸ்ஏ20 (தென்னாப்பிரிக்காவின் டி20 கிரிக்கெட் லீக்) சீசனில் டீம் போடுவதற்கு முன் கடல் ஏற்ற நேரத்தைப் பார்க்கிற ஆட்கள் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். ஜனவரி என்றால் டர்பனில் மழைக்காலமும்கூட. நான் ஏற்றத்தை நம்புவதில்லை, மழையை நம்புவேன்.

பகடைக்குப் புது முகம் முளைத்தால்

மேசைப் பகடைக்கு ஆறு முகம், நாளைக்கும் ஆறுதான். நிஜ மனிதனை வைத்து ஆடும்போது இந்த உத்தரவாதம் போய்விடுகிறது.

டர்பனில் பிறந்த தமிழ் வழிக்காரர், தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரர் செனுரன் முத்துசாமியை எடுத்துக்கொள்வோம். 2019-ல் விசாகப்பட்டினத்தில் அறிமுகமான டெஸ்டில் அவருடைய முதல் விக்கெட் விராட் கோலி, தானே வீசித் தானே பிடித்தது. அப்புறம் பல ஆண்டுகள் அணிக்குள் வருவதும் போவதுமாக இருந்தார். 2025 அக்டோபரில் லாகூரில் ஒரே டெஸ்டில் பதினொரு விக்கெட். அடுத்து ராவல்பிண்டியில் ஆட்டமிழக்காமல் 89. நவம்பரில் குவாஹாட்டியில் இந்தியாவுக்கு எதிராக 109, டெஸ்டில் அவருடைய முதல் சதம். தென்னாப்பிரிக்கா அந்த டெஸ்டை 408 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

2024 வரையிலான எண்களை வைத்து ரிச்மன் பாணியில் முத்துசாமிக்கு ஓர் அட்டை அடித்திருந்தால், அந்த அட்டையில் இந்த ஆட்டத்துக்கெல்லாம் இடமே இருந்திருக்காது. ஆயிரம் தடவை உருட்டினாலும் அப்படி ஒரு அக்டோபர், நவம்பர் வந்திருக்காது. ஃபேன்டஸி ஆட்டத்தில் வந்தது. சுழற்பந்துக்காரர் என்று மலிவாக எடுத்தவருக்கு ஒரு சதம் இலவசமாக விழுந்தது. மேசை ஆட்டத்தில் ஆட்டத்தைச் செய்தவர் நினைத்துப் பார்க்காத எதுவும் நடக்க முடியாது. ஃபேன்டஸியில் நடக்கும். அதன் ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பேன்.

இதனால் ஃபேன்டஸி நடத்துகிறவர்கள் பாடு திண்டாட்டம். மேசை ஆட்டத்தைச் செய்தவர் பெட்டியை மூடி விற்றுவிட்டால் வேலை முடிந்தது. இவர்கள் வருடா வருடம் விதியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கோல் போடாத, கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுக்காத, ஆனால் நாள் முழுக்க பந்தைத் தடுத்துத் தடுத்து ஓய்கிற வீரருக்குப் பாயின்டே இல்லை என்ற குறை பிரீமியர் லீக் ஃபேன்டஸியில் வெகுகாலம் இருந்தது. 2025-26 சீசனில்தான் டிஃபெண்டர் ஓர் ஆட்டத்தில் பத்துத் தடுப்பு வேலைகள் செய்தால் 2 பாயின்ட் என்று சேர்த்தார்கள். மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் பன்னிரண்டு வேண்டும். வீரர்களின் விலையும் சீசன் நடுவில் ஏறி இறங்கும், எத்தனை பேர் வாங்குகிறார்கள், விற்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

ஒரே ஜாக்கி

இப்போது அந்த வரிக்கு வருவோம்: ஒருவர் வாங்கிய வீரர் வேறு யாருக்கும் கிடையாது.

தண்ணியில் இஸ்பேட் ஜாக்கி ஒன்றுதான் இருக்கிறது. அது என் கையில் இருந்தால் உங்கள் கையில் இல்லை. உங்கள் கண் ஓடுவதும், கூட்டாளி தயங்குவதும், யாரிடம் எது இருக்கும் என்ற கணக்கும் எல்லாமே இந்த ஒற்றை உண்மையிலிருந்து கிளம்புகின்றன. வீரரை ஏலம் எடுக்கும் ரோடிஸ்ரியிலும் அப்படித்தான். நான் ஒருவரை எடுத்தால் உங்களிடமிருந்து பிடுங்குகிறேன். எனக்குத் தேவையே இல்லாத வீரருக்குக்கூட, உங்கள் பணத்தைக் கரைக்க விலை ஏற்றுவேன். இந்த ஊரில் நிஜ ஏலத்தையே பார்க்கிறோமே. 2025 செப்டம்பரில் எஸ்ஏ20 ஏலத்தில் டெவால்ட் பிரெவிஸை பிரிட்டோரியா கேபிட்டல்ஸ் 1 கோடியே 65 லட்சம் ராண்டுக்கு எடுத்தது. அந்த விலை பிரெவிஸின் மட்டையை மட்டும் பார்த்து வந்ததல்ல. எதிர் மேசையில் இருந்தவர்களின் பிடிவாதமும் அதில் இருக்கிறது.

போனில் ஆடும் ஃபேன்டஸியில் இந்தப் பிடுங்கல் கிடையாது. 100 மில்லியன் எல்லோருக்கும், கடை எல்லோருக்கும் திறந்திருக்கும், சரக்கு தீரவே தீராது. 2022-23 சீசனில் எர்லிங் ஹாலண்ட் 36 கோல் போட்டு பிரீமியர் லீக் சாதனையை உடைத்தார். ஃபேன்டஸியில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் அவரை வைத்திருந்த வாரங்கள் இருந்தன. அவர் கோல் போட்டால் என்ன ஆகும்? எல்லோருக்கும் பாயின்ட் ஏறும், யாரும் யாரையும் தாண்டவில்லை. அவரை வைத்திருப்பதால் லாபமில்லை, வைத்திருக்காவிட்டால் நஷ்டம். இதனால் மேலே இருப்பவர்களின் டீமெல்லாம் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. ‘டெம்ப்ளேட் டீம்’ என்று அதற்கே பெயர் வைத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் இரண்டு மூன்று இடங்களில்தான் ஆட்டமே நடக்கிறது.

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தொடவே முடியாத ஆட்டம் இது. நான் செய்யும் எதுவும் உங்கள் டீமைப் பாதிக்காது. லட்சக்கணக்கானோர் தனித்தனி அறையில் ஒரே கேள்வித்தாளை எழுதி, கடைசியில் ரேங்க் போடுவதுபோல. கார்ல்சன் இதில் மேலே வந்ததில் ஆச்சரியமில்லை என்று இப்போது தோன்றுகிறது. எதிராளியைப் படிக்கும் திறமை இங்கே வேண்டாம், எண்களை நிதானமாகப் பார்க்கும் பொறுமைதான் வேண்டும். அதே கார்ல்சனைத் தண்ணி மேசையில் உட்காரவைத்தால், சாட்ஸ்வொர்த் பாட்டி ஒருவர் முதல் நாளில் அவரைப் பன்னிரண்டு பாலுக்குத் தோற்கடிப்பார் என்று பந்தயம் கட்ட நான் தயார்.

ஏன் அந்த உயிர்நாடியை எடுத்தார்கள்? காரணம் எளிது. ஏலம் நடத்த ஒரே நேரத்தில் எல்லோரும் கூட வேண்டும், சில மணி நேரமாவது உட்கார வேண்டும். கோடிக்கணக்கில் ஆள் சேர்க்க அது தோதுப்படாது. எல்லோருக்கும் எல்லா வீரரும் என்று வைத்தால், டர்பனில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் ஆஸ்லோவில் இருப்பவரும் ஒரே பட்டியலில் நிற்கலாம். கூட்டம் சேர்ந்தது, மேசை போனது.

ரசிகராக இருப்பதையும் இது மாற்றுகிறது, அது தனிக் கூத்து. பரம்பரை மான்செஸ்டர் யுனைடெட் ஆள், லிவர்பூல் ஃபார்வர்டு கோல் போட்டதும் சத்தமில்லாமல் முஷ்டியை மடக்குவதை நான் பார்த்திருக்கிறேன். மனைவி ‘எந்தப் பக்கம் நீங்க?’ என்று கேட்டால் பதில் வராது. எந்த மேசை ஆட்டமும் ஆளை இப்படி இரண்டாகப் பிளப்பதில்லை.

காசு வைத்தால்

திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போகும்போது நிறம் மாறிவிடுகிறது. இந்தியாவில் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொன்னது. 1996-ல் சென்னை குதிரைப் பந்தய வழக்கிலும் அதே தர்க்கம். 2017-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அந்த வழியில் ஃபேன்டஸி ஆட்டத்தையும் திறமை என்றது. அதை நம்பிப் பெரிய வியாபாரமே வளர்ந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. அதோடு ட்ரீம்11 என்ற ஃபேன்டஸி நிறுவனத்தின் பெயர் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தும் இறங்கியது. அமெரிக்காவில் இணையச் சூதாட்டத்துக்கு எதிரான 2006 சட்டமே ஃபேன்டஸிக்குத் தனி விலக்கு கொடுத்திருந்தது. முழு சீசனுக்கான ஆட்டத்தை ஒரே நாளுக்குச் சுருக்கி காசு புரட்டும் நிறுவனங்கள் பிற்பாடு அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அனெட் ஹோசோய் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணால் அளக்கப் பார்த்தது. அவர்களின் உத்தி எளிமையானது. ஒருவர் சீசனின் முதல் பாதியில் எவ்வளவு ஜெயிக்கிறார், இரண்டாம் பாதியில் எவ்வளவு ஜெயிக்கிறார் என்று ஒப்பிடு. இரண்டும் ஒட்டிப்போனால் திறமை, ஒட்டாமல் சிதறினால் நாணயம் சுண்டுவது. ஃபேன்டஸி ஆட்டங்கள் திறமைப் பக்கம் நின்றன. ஆனால் திறமை இருக்கிறது என்பதாலேயே அது காசுக்கு நல்லது என்று ஆகிவிடாது. திறமை உள்ளவன் திறமை இல்லாதவனின் பணத்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டே இருப்பான் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம்தானே?

தென்னாப்பிரிக்காவில் விளையாட்டுப் பந்தயம் உரிமத்தோடு நடக்கும் சட்டபூர்வத் தொழில். கிங்ஸ்மீட் மைதானத்தின் பெயருக்கு முன்னாலேயே ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர் நிற்கிறது. அதனால் இங்கே ஃபேன்டஸிக்குப் பந்தயம்தான் பக்கத்து வீடு. காசில்லாமல் ஆடுகிறவர்கள் காசில்லாமலேயே ஆடிக்கொண்டிருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

மேசைக்குத் திரும்ப

போன மேசையைத் திரும்பக் கொண்டுவர வழியும் இருக்கிறது. பிரீமியர் லீகே ‘டிராஃப்ட்’ என்ற தனி வடிவத்தை நடத்துகிறது. அதில் முறை வைத்து ஒவ்வொருவராக வீரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எடுத்தவர் எடுத்ததுதான். பண்டமாற்று உண்டு. யாரும் எடுக்காத வீரர்களுக்கு வாராவாரம் வரிசைப்படி கேட்கலாம். ஆனால் எத்தனை பேர் சேர்வது என்பதில்தான் ஆட்டம் நிற்கும் அல்லது விழும். கணக்கைப் பாருங்கள். 20 கிளப், கிளப்புக்கு 11 பேர், ஒரு வாரத்தில் முதல் பதினொன்றில் இறங்குபவர்கள் 220. நான்கு பேர் ஆடினால் 60 வீரர்கள்தான் போவார்கள், எல்லோருக்கும் நட்சத்திரங்கள் கிடைக்கும், சண்டை இருக்காது. பதினாறு பேர் சேர்ந்தால் 240 வேண்டும். இறங்குகிற ஆட்களே போதாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக அடித்துக்கொள்வீர்கள். எட்டுப் பேர் என்றால் 120, பாதிக்குக் கொஞ்சம் மேலே. நல்ல வீரர் தட்டுப்பாடு, சுமாரான வீரர் தாராளம். இரண்டு தண்ணி மேசைக்கு ஆள் சரியாக இருக்கும். டிராஃப்டுக்குப் பதில் ஏலம்தான் வேண்டும் என்பவர்கள் ஆளுக்கு 260 ராண்டு கற்பனைப் பணமாக வைத்துக்கொண்டு, பெயர் கூவுவதற்கு வாய் ஓயாத ஒருவரைப் பிடிக்க வேண்டும். ஏலம் முடிய மூன்று மணி நேரமாவது ஆகும், பிரியாணியை முன்னாலேயே போட்டுவிடுவது உத்தமம்.